பசி இல்லாத சஷ்டி

கந்த சஷ்டி விரதம் முப்பத்தோரு வருஷமாக இருக்கிறேன். ஆறு நாளும் பகலில் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. இரவில் ஒரு டம்ளர் பால், இரண்டு பழம். சூரசம்ஹாரத்தன்று அதுவும் இல்லை. இதை நம்பியவர்கள் ரொம்பக் குறைவு. 2022 சஷ்டியின்போது என் எடை 118 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். பிராகாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "இவங்களும் விரதமாம்" என்றாள். தமிழாசிரியை காதில் அந்த 'உம்' தப்புமா? இழிவு சிறப்பும்மை. இலக்கணக் குறிப்புக்கு முழு மதிப்பெண்.

அடுத்த சஷ்டி வருவதற்குள் என் இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். எடை 84. அதே பிராகாரம், கிட்டத்தட்ட அதே தூண். "விரதம் இருந்தே எப்படி உருக்கிட்டீங்க டீச்சர்! மனக்கட்டுப்பாடுன்னா இதுதான்" என்றாள் இன்னொருத்தி. ஆமென்று சொல்ல நா எழவில்லை, இல்லையென்று சொல்லவும் எழவில்லை. அந்த ஆறு நாளும் எனக்குப் பசிக்கவே இல்லை. முழுப் பட்டினி கூடாது என்று டயட்டீஷியன் கண்டித்திருந்ததால் மோரும், புரோட்டீன் பொடி கரைத்த தண்ணீரும் குடித்தேன். அதையே கடிகாரத்தைப் பார்த்துக் கடனே என்று குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போது சந்தேகம் வந்தது. பசியில்லாதவள் சாப்பிடாமல் இருப்பதற்கு விரதம் என்றா பெயர்? தூக்கமே வராதவன், சிவராத்திரிக்குக் கண்விழித்தேன் என்று சொல்லிக்கொள்கிற மாதிரிதானே இது?

முன்பு இருந்த பசியைச் சொன்னால்தான் இது புரியும். நான் ருசிக்கு அடிமை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ருசி எனக்குப் பெரிதாகத் தெரிந்ததே இல்லை. மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வகுப்புக்குள் நுழைவேன். எனக்குப் பின்னாலேயே சாயங்கால டிபனைப் பற்றிய நினைப்பும் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடும். பாடம் நடத்தும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்கவே பாதித் தெம்பு போகும். கணவர் போன பிறகு அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறேன், அடுக்களை கீழே. ராத்திரி ஒன்றரை மணிக்கு இறங்கிப் போய் விளக்குப் போடாமல் பழைய சோற்றில் மோரை விட்டுக் குடித்திருக்கிறேன். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்பது ஒரு காரணம். எனக்கே தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று.

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து. பத்துக் குறளில் பாதிக்கு மேல் அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். அதை நடத்தும் நாளில் வகுப்பில் யாராவது ஒரு பையன் நோட்டை எடுத்து வாயில் அழுத்திக்கொள்வான், சிரிப்பு வெளியே வராமல். அவனை நான் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு வருத்தம் வள்ளுவர்மேல்தான். முன்னே தின்றது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு என்கிறார். பசியையே படியாக வைத்து அளக்கச் சொல்கிறார். படியே ஓட்டைப் படியாக இருந்தால் எதை வைத்து அளப்பது? (ஆனால் அதே அதிகாரத்தின் கடைசி மூன்று குறள், நோய் எது, அதன் முதல் எது என்று பார்க்கச் சொல்கிறது; மருத்துவனைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுகிறது. இத்தனை வருஷம் நடத்தியும் அந்த மூன்றும் எனக்குச் சொன்னது என்று உறைக்கவில்லை.)

கொள்ளுக் கஞ்சி குடித்தேன். பேலியோ இருந்தேன். காரைக்கால் கடற்கரையில் விடியற்காலை நடந்தேன். 2016-ல் பதினோரு கிலோ குறைந்தது. ஒன்றரை வருஷத்தில் பதினாலு கிலோவாக, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் பிறகுதான் மினசோட்டா சோதனையைப் பற்றிப் படித்தேன். 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினியால் நலிந்தவர்களை எப்படிச் சாப்பாடு போட்டு மீட்பது என்று தெரிந்துகொள்ள. அந்த 36 பேரும் உயிரைக் கொல்ல மாட்டோம் என்று மனச்சாட்சியின் பேரில் ராணுவத்துக்குப் போக மறுத்தவர்கள். குவேக்கர், மென்னோனைட் போன்ற சபைக்காரர்கள் அதில் நிறைய. நாடே போருக்குக் கிளம்பியபோது நான் வரமாட்டேன் என்று நின்ற ஆட்களின் மனவுறுதியை யார் சந்தேகப்பட முடியும்? நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். அந்த உறுதிக்காரர்கள் தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் பாராயணம் செய்தார்கள். கண்ணை மூடினால் சாப்பாட்டுக் கனவு. என் மேஜை இழுப்பறையில் இருந்த டயட் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 1,200 என்று எழுதியிருந்தது.

முட்டி மாற்று ஆபரேஷனுக்காகப் போனவளை எலும்பு டாக்டர், முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரைப்பையை வரைந்தார். பருத்த அவரைக்காய் மாதிரி இருந்தது. மேலே உப்பிய இடத்தைப் பேனாவால் தட்டி, "கிரெலின்னு ஒரு ஹார்மோன், பெரும்பாலும் இங்கதாம்மா சுரக்குது. பசின்னு மூளைக்குத் தகவல் அனுப்பறதுல அதுக்குப் பெரிய பங்கு. அது மட்டும் இல்ல, ஆபரேஷனுக்கு அப்புறம் குடல்லேருந்து போற மத்த தகவல்களும் மாறிடும்" என்றார். ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இருவர் கிரெலினைக் கண்டுபிடித்தது 1999-ல். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்: தீனிப்பண்டாரம்.

இரைப்பையின் வளைவோரமாக எண்பது சதவீதத்தை எடுத்துவிட்டு வாழைப்பழம் அளவுக்குக் குழாயாக விடுவார்களாம். தையல் கசியலாம். எதுக்களிப்பு வரலாம். ஆயுளுக்கும் வைட்டமின், இரும்பு, கால்சியம் விழுங்க வேண்டும். சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடை திரும்பும். உயிருக்கு ஆபத்து அபூர்வம், ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வைப் பற்றியும் சொன்னார். அறுவை செய்துகொண்டவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், வழக்கமான வைத்தியத்தோடு நின்றவர்களும் அதே அளவு. பதினைந்து வருஷம் வரை பார்த்தும் இரண்டாவது கூட்டத்தின் சராசரி எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் அசையவில்லை. முதல் கூட்டத்தில் இறப்பே குறைந்திருந்தது. 2007-ல் முடிவு வெளியாயிற்று. எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தின்மேல்தான் பாசம் வந்தது. எத்தனை கொள்ளுக் கஞ்சி குடித்திருப்பார்கள், அந்த ஊர்க் கொள்ளு எதுவோ.

அண்ணன் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். "உடம்பு அவன் குடுத்தது. கெட்டுப்போன உறுப்பை எடுக்கலாம், நல்ல வயித்தை வெட்டி எறியலாமா? வினைன்னா அனுபவிச்சுத்தான் கழிக்கணும், வெட்டிக் கழிக்கக் கூடாது" என்றார். அண்ணி அவ்வளவு தூரம் போகவில்லை. "வாயைக் கட்டத் தெரியாதவ வயித்தை வெட்டிக்கப் போறா" என்று முடித்துவிட்டாள். காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் போட்ட விதியில், உடல் நிறைக் குறியீடு 40 ஆனாலோ, 35 ஆகி இதயநோய், அடங்காத சர்க்கரை போன்றவை இருந்தாலோ, டாக்டர் பரிந்துரையின் பேரில் இந்த அறுவைக்குக் காப்பீடு உண்டு என்று இருந்தது. அப்போது எனக்கு 48. சர்க்கார் விதிப்படி நான் நோயாளி. எங்கள் வீட்டு விதிப்படி வாய்க்கட்டு இல்லாதவள்.

அண்ணனுக்கு 2014-ல் பைபாஸ் நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து குழாயை உருவி இதயத்தில் ஒட்டினார்கள். அப்போது யாரும் வினைக்கணக்குப் பேசவில்லை. மறுபிறவி என்று அபிஷேகம் செய்தோம். அதைச் சொன்னதும் அவர் அப்பர் பெருமானுக்குத் தாவினார்: சூலைநோயைக் கொடுத்தவனும் அவன், தீர்த்தவனும் அவன். வாஸ்தவம். ஆனால் அப்பர், வந்தது வினை, அனுபவித்துக் கழிக்கிறேன் என்று மடத்தில் படுத்துக் கிடக்கவில்லை. ராவோடு ராவாகத் திருவதிகைக்கு அக்காவைத் தேடி வந்து, தாங்க முடியவில்லை என்று அழுதார். சைவம் கொண்டாடுவது அந்த அழுகையைத்தானே?

ஆனாலும் அண்ணன் சொன்னதில் ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. நல்ல வயிறு என்றாரே, அது நிஜம். ஆபரேஷன் முடிந்து வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குறிப்பிடும்படியான நோய் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அண்ணன் மகன் போனில் எடுத்த படத்தைக் காட்டினான், தட்டில் கிடந்த என் வயிற்றை. சுருங்கிப்போன பலூன் மாதிரி இருந்தது. இதுவா என்னை நாற்பது வருஷம் அடுக்களைக்கும் மாடிக்குமாக இழுத்தது? குற்றம் சொல்ல அதில் ஒன்றுமில்லையே.

சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கு சொல்வார்கள். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி. உயிர் தேறி வருவதற்காக இறைவன் கொடுப்பவை. அண்ணன் வாயிலிருந்து நூறு தடவை கேட்டதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதுதான் அதில் ஒரு இடுக்கு தெரிந்தது. எனக்குக் கிடைத்த தனு தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி வந்த பாட்டிகளின் தனு. கிடைத்ததைத் தின்னு, நாளைக்குச் சேர்த்து வை என்று மட்டும் தெரிந்த உடம்பு. எனக்குக் கிடைத்த புவனமோ, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஐந்து பேக்கரி. இரண்டிலும் தனித்தனியாகக் குற்றமில்லை. சேர்த்து வைத்ததில்தான் எங்கோ பிசகு. பேக்கரிகளை நான் இடிக்க முடியாது. எனக்கு அதிகாரம் இருந்தது தனுவின்மேல் மட்டும், அதுவும் பாலிசி போக இரண்டு வளையலை விற்று.

கடலோரமாக வடக்கே தரங்கம்பாடியைத் தாண்டிப் போனால் பூம்புகார். மணிமேகலையில் அந்த ஊர்த் தெருக்களில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண் சோற்றுக்கு அலைகிறாள். விருச்சிகன் என்ற முனிவர், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பழுக்கும் நாவற்பழத்தை உண்பதற்காகக் காத்திருந்தார். அதை இவள் வினைவசத்தால் செருக்கோடு போய் மிதித்துவிட்டாள். நீயும் பன்னிரண்டு வருஷம் யானைத்தீயில் கிட என்று சாபம். எவ்வளவு தின்றாலும் அணையாத பசி அது. (பன்னிரண்டு வருஷம் பசியை அடக்கிய முனிவருக்கு அந்த ஒரு நிமிஷக் கோபத்தை அடக்க முடியவில்லை. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.) காப்பியம் முழுக்கத் தேடியும் அவளிடம் யாரும் வாயைக் கட்டு என்று சொன்னதாக எனக்குக் கிடைக்கவில்லை. மணிமேகலை பாடிய சாத்தனாருக்குப் பசி ஒரு பிணி, குணக்கேடு இல்லை. ஆதிரை என்ற பெண் இட்ட பிச்சையிலிருந்து மணிமேகலை எடுத்துக் கொடுத்த ஒரு பிடியில் யானைத்தீ அணைந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் மருந்துக் குவளையில் 30 மில்லி தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரத்தில் சப்பிச் சப்பிக் குடிக்கச் சொன்னார். பாதியிலேயே போதும் என்று இருந்தது. போதும். எனக்கு நினைவு தெரிந்து என் வயிறு அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான். காயசண்டிகையை நினைத்துக்கொண்டேன், அழுதேன். தையல் வலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

அவள் கதையில் நான் வகுப்பில் எப்போதும் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. பசி தீர்ந்து ஊர் திரும்பப் பறந்தவள், விந்தியமலைக்கு மேலே பறந்துவிடுகிறாள். அங்கே காவல் இருக்கும் விந்தாகடிகை அவள் நிழலைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொள்கிறாள். பன்னிரண்டு வருஷம் வயிற்றால் அலைந்தவள் கடைசியில் இன்னொருத்தி வயிற்றுக்குள் போய்ச் சேர்கிறாள். இது என்ன நியாயம் என்று ஒரு பையன் கேட்டுவிட்டால் என்னிடம் பதில் கிடையாது. நாலாம் மாதம் எனக்கும் விந்தியமலை வந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி ரசஞ்சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிறவர் ஜாங்கிரித் தட்டோடு என் இலைக்கு முன்னால் நின்று, போதுமென்று நான் கையைக் காட்டியதும் நகர்ந்துவிட்டார். முன்பெல்லாம் நான் வேண்டாம் என்றாலும் நம்பாமல் நிற்பார்கள். பசி போனதும் கூடவே ஆசையும் போய்விட்டது, நாளைக்கு என்ன சாப்பிடலாம் என்று எதிர்பார்க்கும் சின்னச் சந்தோஷமும் போய்விட்டது. அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

எங்கள் ஊருக்கென்று இன்னொருத்தி இருக்கிறார். காரைக்கால் அம்மையார். கணவனே தெய்வமென்று காலில் விழுந்த பிறகு, இவருக்காகத் தாங்கிய இந்தத் தசைச் சுமையைக் கழித்துவிடு, பேய்வடிவம் கொடு என்று சிவனிடம் கேட்டு வாங்கியவர். கேட்ட மாத்திரத்தில் எலும்புக்கூடு. தவமிருந்து இளைத்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லவில்லை. குறுக்குவழி என்று யாரும் அவரை ஏசவில்லை. அண்ணனிடம் இதைத்தான் பெரிய அஸ்திரமாக வைத்திருந்தேன். வீசவில்லை. ஏனென்றால் அம்மையார் உதறியது ஊர் மெச்சிய உடம்பை. நான் காசு கொடுத்து வாங்கியது ஊர் மெச்சும் உடம்பை. முட்டிவலி, சர்க்கரை, இரவில் மூச்சு அடைப்பு எல்லாம் காரணங்கள்தான், பொய்யில்லை. இன்சுலின் ஊசி நின்றே போயிற்று. ஆனால் தையல்காரரிடம் பழைய ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்த அன்றைக்கு எனக்கு வந்த குஷியை அம்மையார் சந்நிதியில் நின்று சொல்ல முடியாது. அறுபத்துமூவர் வரிசையில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். நிற்க முடியாத காலத்தில் எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது. அந்த உறவு போதும்.

சஷ்டி மூன்றாம் நாள் சந்தேகத்துக்கு வருகிறேன். அண்ணிக்கு இரண்டு இட்லி போதும். நாற்பது வருஷமாக அதைத் தன் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது எனக்கு ஒன்றரை இட்லி போதும். அது என் குணமில்லை என்று எனக்குத் தெரியும். டைட்டானியம் தையல் போட்டவர்களுக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்குக் கிடைத்தது கருவிலே கிடைத்தது, எனக்குத் தாமதமாகப் பில்லோடு கிடைத்தது. ஆணவ மலம் எங்கே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது, இட்லித் தட்டில்கூட ஒட்டும். அப்படிப் பார்த்தால் என் ஆயுளில் நான் நிஜமாக விரதம் இருந்தது 118 கிலோவாக இருந்தபோது. "இவங்களும்" என்று அந்த அம்மாள் சொன்ன அந்த வருஷம். தெருவில் யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலும் கை நடுங்கும். நடுங்குகிற கையோடுதான் தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. சில வருஷமாக ரமலான் நோன்பு வைக்க முடியவில்லை. "தீராத நோய்க்காரங்களுக்கு எங்கள்ல நோன்பு கடமை இல்ல டீச்சர். விட்ட ஒவ்வொரு நாளைக்கும் ஒரு ஏழைக்குச் சோறு குடுக்கணும், ஃபித்யான்னு பேரு. மத்தபடி நிய்யத்துதான், மனசுல வைக்கிற எண்ணம். அதை அல்லாஹ் பாத்துப்பான்" என்றார். "பசிக்கலன்னா?" என்றேன். அவர் யோசித்தார். "அதுக்கு மார்க்கத்துல மசலா கேட்டதில்ல" என்று சிரித்தார்.

மீதி மூன்று நாளும் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். அதில் ஒரு பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து, சாம்பார் இலையைத் தாண்டி ஓடுவதற்குள் சோற்றைக் கரைபோட்டு, பிசைந்து, முதல் கவளத்தைக் கண்ணை மூடி விழுங்கினார். எனக்குப் புண்ணியம் சேர்ந்ததா, தெரியாது. பொறாமையாக இருந்தது.

2024 ஆனிப் பௌர்ணமி, அம்மையாரின் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். பிடிக்கக் கீழே ஒரே தள்ளுமுள்ளு. முன்பு நான் வாசல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இந்தத் தடவை பாரதியார் சாலைக் கூட்டத்தில் நின்று முந்தானையை விரித்தேன். ஒரு பழம் தொப்பென்று விழுந்தது. வீட்டுக்கு வந்து நறுக்கி இரண்டு கீற்று சாப்பிட்டேன். வயிறு போதும் என்றது. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ராத்திரி விழிப்பு வந்தது. மணி ஒன்றரை. நெஞ்சுக்குழிக்குக் கீழே என்னவோ செய்தது. எதுக்களிப்பு என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். இல்லை. கொஞ்ச நேரம் அது என்னவென்று பிடிபடவில்லை, பிறகு தெரிந்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் பசி ஓரளவு திரும்பலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். பதினைந்து மாதமாகிறது. யானைத்தீ இல்லை, அகல்விளக்குத் திரி அளவுக்கு. பயமாகவும் இருந்தது, ஊருக்குப் போயிருந்த ஆள் வாசலில் வந்து நிற்கிற மாதிரியும் இருந்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக் கீழே போனேன். அடுக்களை விளக்கைப் போட்டேன். ஒரு கீற்று மாம்பழத்தை நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

காலையில் டயட்டீஷியனுக்குப் போன் செய்தேன். சஷ்டிக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது, இந்த வருஷம் ஒரு நாளாவது சாயங்காலம் வரை வெறும் மோரோடு இருந்து பார்க்கலாமா என்றேன். சின்னப் பெண் அவள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏம்மா, பசிக்குதா உங்களுக்கு?" என்றாள்.

"பசிக்குது" என்றேன்.